அடுக்களைச் செருப்பு

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கிற முதல் அடியைப் பற்றி யாரும் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். முட்டி வலி தெரியும், இடுப்பு வலி தெரியும். அறுபதைத் தாண்டியவளுக்கு அவையெல்லாம் வீட்டோடு இருக்கிற உறவுக்காரர்கள். இது வேறு. குதிகாலுக்கு நேர் கீழே யாரோ ஓர் ஆணியை நட்டுவைத்துவிட்டு, நான் இறங்கட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கூடம் வரைக்கும் போனதும் கொஞ்சம் தணிந்தது. படுத்த வாகு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பால் காய்ச்சப் போனேன்.

மறுநாளும் அதே ஆணி. அடுத்த மாதமும் அதே ஆணி. பகலில் உட்கார்ந்து எழுந்தாலும் குத்த ஆரம்பித்தது.

கைவைத்தியம் ஒன்று பாக்கி விடவில்லை. கல்லுப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நல்லெண்ணெய் தடவினேன். செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் போட்டுக் குதிகாலால் அழுத்தினால் சட்டென்று கேட்கும் என்று கீழ் ஃப்ளாட்டில் இருப்பவர்கள் சொன்னார்கள். மயிலாப்பூரில் எருக்கஞ்செடிக்கு எங்கே போவது? தெருக்கோடிக் காலிமனையில் ஒன்று இருந்தது. பறித்துக்கொண்டு வந்து, கேஸ் அடுப்பில் செங்கல்லை ஏற்றினேன். என் அகத்துக்காரர் பத்ரிநாராயணன் எட்டிப் பார்த்தார். பெரிய கம்பெனியில் என்ஜினீயராக இருந்து ரிடையர் ஆனவர், நிதானமான மனிதர், உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

"ஜலஜா, அந்தக் கல் எங்கேர்ந்து வந்தது? அலம்பினயோ?" என்றார்.

காலைப் பற்றிக் கேட்கவில்லை. கல்லைப் பற்றிக் கேட்டார். எனக்கு அப்போது அது தப்பாகவே படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அலம்பியாச்சு" என்று பதில் சொன்னேன்.

எங்கள் வீட்டில் அடுக்களைதான் கோவில். ஃப்ளாட் கட்டும்போதே கிழக்குச் சுவரில் மர அலமாரி அடித்து, அதில் பெருமாளை எழுந்தருளப்பண்ணியிருக்கிறோம். காலையில் குளித்துவிட்டு, யார்மேலும் படாமல் மடியாக அங்கே தளிகை பண்ணி, அதைப் பெருமாளுக்கு அமுதுசெய்வித்த பிறகுதான் யாரும் வாயில் வைப்பது. இவர் தன் வாழ்நாளில் வீட்டில் பெருமாளுக்குக் காட்டாத சாதத்தை ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தரை முழுக்கக் கறுப்பு க்ரானைட். பார்க்க ஜம்மென்று இருக்கும். மார்கழியில் நின்றால் குளிர் எலும்புக்குள் ஏறும். அங்கேதான் நான் நாளெல்லாம் வெறுங்காலோடு நிற்கிறேன். அதற்கு முன்னால், ரிடையர் ஆகும் வரைக்கும், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகக் கரும்பலகைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

என் பெண் மதுவந்திக்குப் பெருங்குடியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமலே அடையாறில் எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். இவரும் கூட வந்தார்.

டாக்டர் ராகவேந்திரனுக்கு என் பெண்ணைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். என் குதிகால் எலும்பின் அடியில், முன்பக்கமாகப் பார்த்துக்கொண்டு, சின்னதாக ஒரு கொக்கி.

"இதோ தெரியுது பாருங்க, எலும்பு முள்ளு. ஹீல் ஸ்பர்னு சொல்லுவோம்."

"அதை வெட்டி எடுத்துடுங்கோ" என்றேன். அத்தனை நாளாக என்னைக் குத்தின ஆணியைக் கண்ணால் பார்த்துவிட்ட ஆத்திரம்.

அவர் சிரித்தார். "முள்ளு குத்துறதால வலி இல்லம்மா. இதே முள்ளோட ஒரு வலியும் இல்லாம ஊர் சுத்துறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. குதிகால்லேர்ந்து விரல் வரைக்கும் உள்ளங்கால்ல கெட்டியா ஒரு நார்ப்பட்டை ஓடுது. நாள் பூரா நின்னா அது எலும்பைப் பிடிச்சு இழுக்குது. இழுக்குற இடம் நைஞ்சு போகுது. வருஷக்கணக்கா இழுத்தா அங்க எலும்பும் கொஞ்சம் கொஞ்சமா வளருது. ராத்திரி பூரா கால் சும்மா இருக்குறப்ப பட்டை சுருங்கிக்குது, காலையில எழுந்து திடீர்னு மிதிச்சா மறுபடி விரியுது. அதான் அந்த முதல் அடி."

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. என்ன வேலை, எவ்வளவு நேரம் நிற்கிறேன், எடை எப்போது கூடியது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"வீட்டுத் தரை?"

"க்ரானைட்."

"வீட்டுக்குள்ள செருப்பு?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டுக்குள் எதற்குச் செருப்பு?

"அதான்" என்றார் டாக்டர். "மாத்திரை வலியைத்தான் குறைக்கும். வேலை உங்க கையிலதான் இருக்கு. எழுந்திருக்கறதுக்கு முன்னாடி படுக்கையிலயே துண்டை பாதத்துல மாட்டி உங்க பக்கம் இழுங்க. சுவத்துல கை வெச்சு கெண்டைக்கால நீட்டுங்க. பாட்டில்ல தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு, அதை உள்ளங்காலால உருட்டுங்க. எடை குறையணும். எல்லாத்துக்கும் மேல, மெத்து மெத்துனு எம்சிஆர் செருப்பு. வீட்டுக்குள்ளயும். கட்டில்லேர்ந்து இறங்குறப்பவே கால் அதுலதான் படணும். மாசக்கணக்கா ஆகும், ஆனா பொறுமையா செஞ்சா பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷனே தேவைப்படாது. செய்யலைன்னா நடக்கறதே கஷ்டமாயிடும்."

இவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். துண்டுக்கு ஆட்டினார், பாட்டிலுக்கு ஆட்டினார். செருப்புக்கு மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

வரும் வழியில் தி. நகரில் இறங்கி வாங்கினோம். காப்பிப்பொடி நிறம், தடித்த அடிப்பாகம், மேலே ஒட்டுகிற பட்டை. அழகு என்று ஒன்று அதன் பக்கத்திலேயே வரவில்லை. ஆனால் காலை வைத்ததும் கண்ணில் ஜலம் வந்துவிட்டது எனக்கு. கடைக்குள் அப்படியே நடந்து பார்த்தேன், இன்னொரு தரம் நடந்தேன். வலி இருந்தது, ஆனால் ஆணி இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எந்த ஊர்க்காரரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். புதுச் செருப்பைக் காலில் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் கழற்றி ஸ்டாண்டில் வைத்துவிட்டு உள்ளே போனேன். வீட்டுக்குள் போட்டுக்கொள்வதற்கென்றே வாங்கின செருப்பு வாசலில் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தோன்றவில்லை, இவருக்குத் தோன்றவில்லை, படித்துப் படித்துச் சொன்ன மதுவந்திக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் அடுப்படியில் நின்று மோர்க்குழம்பைக் கிளறும்போது ஆணி ஏறியது. அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏன்னா" என்று கூப்பிட்டேன். "டாக்டர் அதை ஆத்துக்குள்ளயும் போட்டுக்கச் சொன்னாரே."

"ஆமாம், சொன்னார்."

"போட்டுக்கட்டுமா?"

இவர் யோசித்தார். "டாக்டர் சொன்னாக் கேக்க வேண்டியதுதான். ஹால்ல தாராளமாப் போட்டுக்கோ. ரூம்ல போட்டுக்கோ. தளிகை உள்ளுல பெருமாள் இருக்கார்." நிறுத்தினார். "அப்பறம் உன் இஷ்டம்."

'உன் இஷ்டம்' என்றால் என்ன அர்த்தம் என்பது கல்யாணமான எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஹாலிலும் ரூமிலும் நான் எங்கே நிற்கிறேன்? அங்கே உட்கார்கிறேன், படுக்கிறேன். நிற்பது இங்கேதானே. இருந்தாலும் மேலே பேசவில்லை. பெருமாள் எதிரே செருப்போடு நிற்பதை நினைத்தால் எனக்கே உடம்பு கூசியது. அடுக்களை வாசலில் கழற்றுவதும் வெளியே வந்தால் மாட்டுவதுமாகக் கொஞ்ச நாள் ஓட்டினேன். அடுப்பில் ஏதாவது பொங்கி வழியும்போது யாரால் செருப்பைத் தேட முடியும்? ஒரு நாள் எங்கள் வீட்டுப் புரோகிதம் பார்க்கிற வாத்தியார் கோதண்டபாணி ஸ்வாமி என் மாமியாருடைய திவசத்துக்கு நாள் சொல்ல வந்தார். அவர் உள்ளே வருவதற்குள் இவர் என் செருப்பைக் காலாலேயே தள்ளி வாசலுக்கு வெளியே கொண்டுபோய்விட்டார். கையால் எடுக்கவில்லை. அதற்கப்புறம் அது உள்ளே வரவேயில்லை.

துண்டை மாட்டி இழுத்தேன். பாட்டிலை உருட்டினேன். இவரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைப்பார். யூட்யூபில் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் நீட்டு, கெண்டைக்கால் இழுக்கணும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். கொடுமைக்காரர் என்றால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். மறுபடி டாக்டரிடம் போனபோது, "செருப்பு போடறீங்களா?" என்று கேட்டார். "போட்டுக்கறேனே" என்றேன். காய்கறி வாங்கக் கீழே போகும்போது போட்டுக்கொள்கிறேனே!

திவசம் நெருங்கியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு விடியற்காலையில் தலைக்கு ஸ்நானம் பண்ணி, மடிசார் கட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் தளிகையை ஆரம்பிக்க வேண்டும். வடை, அதிரசம், எள்ளுருண்டை, திருக்கண்ணமுது என்கிற பாயசம், பிரண்டைத் துவையல், விதவிதமாகக் கறியமுது. பித்ருக்களுக்காக வந்து உட்கார்கிற ஸ்வாமிகள் சாப்பிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் வீட்டுப் பெண்ணுக்கு உட்காருவது என்ற பேச்சே கிடையாது. மாமியார் போனதிலிருந்து ஒரு வருஷம்கூட நான் விட்டதில்லை.

"நங்கநல்லூர்ல எல்லாத்தையும் அவாளே பண்ணிக் குடுக்கற எடம் இருக்காம். அப்பா போய் கர்மாவைப் பண்ணிட்டு வந்தாப் போறும்" என்றாள் மதுவந்தி.

இவர் என்னைப் பார்த்தார். "உங்கம்மாவுக்கு முடியலேன்னா அங்க வெச்சுக்கலாம். அம்மாவுக்கு ஜலஜா கையால பண்ணினாத்தான் த்ருப்தி. ஆனா முடியலேன்னா…"

முடியலேன்னா. அந்த வார்த்தை என்னைப் போய்ச் சுட்டது. எத்தனை வருஷமாக, ஜுரத்தோடும் நின்றிருக்கிறேன், பரீட்சைப் பேப்பர் திருத்திவிட்டு வந்தும் நின்றிருக்கிறேன், என்னைப் பார்த்து முடியலேன்னா என்றால்? "எனக்கு முடியும்" என்றேன். மதுவந்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

தனியாக ஆட்டோ பிடித்து அடையாறுக்குப் போனேன். டாக்டரிடம், வலி தாங்கவில்லை, ஏதாவது ஊசி இருந்தால் போடுங்கள் என்றேன்.

"ஸ்டீராய்டு ஊசி இருக்கும்மா. போட்டா வலி நல்லா குறையும். ஆனா ஒண்ணு, வலி போச்சேன்னு கால் சரியாயிடுச்சுன்னு நெனச்சுறக் கூடாது. அந்த ஊசி பட்டையைக் கொஞ்சம் பலவீனமாக்கலாம். அந்த நேரத்துல ரொம்ப நின்னா, பாரம் தூக்கினா, கிழிஞ்சு போற ஆபத்து இருக்கு. அதனால கொஞ்ச நாள் காலுக்கு நல்லா ஓய்வு குடுக்கணும். வீட்டுல ஏதாவது விசேஷம் இருக்கா?"

"ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றேன். திவசம் விசேஷம் இல்லைதானே! ஊசியைப் போட்டுவிட்டார்.

திவசத்தன்று விடியற்காலையில் கட்டிலிலிருந்து இறங்கினேன். ஆணி இல்லை. வெறும் தரை, ஜில்லென்று, வெறும் தரையாகவே இருந்தது. எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. மடிசாரைக் கட்டிக்கொண்டு, கல்யாணமாகி வந்த புதிதில் ஓடியாடினதைப் போல ஓடினேன். உளுந்தை அரைத்தேன், பாகு வைத்தேன், எள்ளை வறுத்து இடித்தேன். வெண்கலப்பானையில் சாதம் கொதித்தது. மடியில் இருப்பவளை யாரும் தொடக் கூடாது, அதனால் உதவிக்கும் ஆள் இல்லை. வேண்டியும் இருக்கவில்லை. ஹாலில் கோதண்டபாணி ஸ்வாமி மந்திரம் சொல்ல, இவர் திருப்பிச் சொல்வது கேட்டுக்கொண்டிருந்தது. பார்த்தேளா அம்மா, முடியும் என்று மாமியாரிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஸ்வாமிகள் இலையில் உட்கார்ந்தார்கள். நான்தான் பரிமாறினேன். முதல் சுற்று முடிந்தது. மறு சாதத்துக்காகப் பானையைத் தூக்கித் திரும்பினபோது, உள்ளங்காலில் 'பட்'டென்று ஒரு சத்தம். காதால் கேட்டேனா, உடம்பால் கேட்டேனா தெரியாது. ஈரத்துணியைக் கிழிப்பதுபோல ஏதோ ஒன்று கிழிந்தது. பானையைப் போட்டுவிடவில்லை, அதை மட்டும் பார்த்துக்கொண்டேன். அதோடு கூடவே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கத்த முடியாது. ஸ்வாமிகள் சாப்பிடும்போது அபசகுனமாகச் சத்தம் எழக் கூடாது. அழவும் கூடாது, திவசத்தன்று கண்ணீர் தரையில் விழுந்தால் பித்ருக்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பார்கள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். எழுந்திருக்கப் பார்த்தேன். வலது கால் என்னுடையது மாதிரியே இல்லை.

"ஜலஜா, சாதம்" என்று ஹாலிலிருந்து இவர் குரல் வந்தது.

உட்கார்ந்தபடியே பானையைத் தள்ளிக்கொண்டு போனேன். கறுப்பு க்ரானைட்டில் வெண்கலம் உரசிற்று. நிலைப்படி வரைக்கும் போய்விட்டேன். இவர் வந்து நின்றார். பஞ்சகச்சமும் விரலில் தர்ப்பைப் பவித்திரமுமாக, என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், மடங்கிக் கிடந்த காலைப் பார்த்தார். அப்புறம் குனிந்து பானையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பாதியில் நிறுத்தினால் அந்த வருஷத்துத் திவசமே வீண். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வயிறு எரிந்தது. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு மிச்சத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் வழக்கப்படி இவர், ஸ்வாமிகளைப் பார்த்து, த்ருப்தியாச்சா என்று ஸம்ஸ்கிருதத்தில் கேட்டார். ஆச்சு என்று அவர்கள் பதில் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்த கையோடு ஓடிவந்தார். மதுவந்திக்கு போன் பண்ணினார், காருக்குச் சொன்னார், என்னைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கினார். அதற்குள் உள்ளங்கால் கருநீலமாக வீங்கியிருந்தது.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "பட்டை கிழிஞ்சிருக்கு. என்னம்மா பண்ணினீங்க?"

மதுவந்தி சொன்னாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். முழங்கால் வரைக்கும் வருகிற பெரிய கறுப்பு பூட்ஸ் ஒன்றை மாட்டிவிட்டார். ஊன்றுகோல் கொடுத்தார். முதலில் காலை ஊன்றவே கூடாது, பிறகு பூட்ஸோடு மட்டும் நடக்கலாம் என்றார்.

அந்த பூட்ஸ் வீட்டுக்குள் வந்தது. ஹாலில் நடந்தது. தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள்ளும் போனது, பெருமாளுக்கு நேர் எதிரே டொக் டொக்கென்று. இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது கட்டுதானே, சிகிச்சைதானே. அப்படியென்றால் அந்தக் காப்பிப்பொடி நிறச் செருப்பு என்ன, நகையா? படுத்துக்கொண்டு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. பாத்ரூமுக்குப் போக இவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இனிமேல் எப்போதும் இப்படித்தானோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. என் காலால் நான் நடக்கிற ஒன்றைத்தான் எனக்கென்று வைத்துக்கொண்டிருந்தேன். அதையும் இந்தக் கல்லுக்குக் கொடுத்துவிட்டேனா?

சாப்பாடு நங்கநல்லூரிலிருந்து கேரியரில் வந்தது. யாரோ ஒரு மாமி மடியாகப் பண்ணி அனுப்புகிறார் என்று இவர் விசாரித்து ஏற்பாடு செய்திருந்தார். ஹெல்மெட் போட்ட ஒரு பையன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போவான். இவர் அதைப் பிரித்து, வெள்ளித் தட்டில் மாற்றி, பெருமாளுக்குக் காட்டிவிட்டு எனக்குப் பரிமாறுவார். உப்பு அதிகம். சாப்பிட்டேன்.

வாரங்கள் போயின. பூட்ஸைக் கழற்றின அன்றைக்கு டாக்டர் ராகவேந்திரன் என் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"சேர்ந்திருக்கு. ஆனா பழைய பலம் இல்லை. உள்ளங்கால் வளைவு கொஞ்சம் தட்டையாயிருக்கு. இனிமே வெறுங்காலோட கல்லுத் தரையில நிக்கவே கூடாது. ஒரு நாள் மட்டும், ஒரு வேளை மட்டும்னு எதுவும் கிடையாது. மறுபடி போச்சுன்னா சரி பண்ணித் தர்றேன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா." கடைசி வாக்கியத்தை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, இவரைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலையில் ஸ்நானம் பண்ணினேன். ஸ்டாண்டிலிருந்து செருப்பை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன், போட்டுக்கொண்டேன். ஹாலைத் தாண்டி அடுக்களை நிலைப்படிக்கு வந்தேன். இவர் திருமண் இட்டுக்கொண்டு, பெருமாள் அலமாரியைத் திறந்து பூச்சாற்றிக்கொண்டிருந்தார். நான் உள்ளே கால் வைத்தேன். திரும்பிப் பார்த்தார். கையில் துளசி அப்படியே இருந்தது.

"ஜலஜா" என்றார். "ஒண்ணு பண்ணலாமா? பெருமாளை ஹாலுக்கு எழப்பண்ணிடட்டுமா? ஆசாரியை வரச்சொல்லி நன்னா ஒரு மண்டபமாவே பண்ணிடலாம். அப்பறம் இங்க நீ எப்படி வேணும்னாலும் இருந்துக்கலாம்."

நிஜமாகவே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதனால்தான் எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது.

"எதுக்கு? என் காலுக்குப் பயந்துண்டு அவர் வீடு மாறணுமா? இத்தனை வருஷம் அவர் மூஞ்சியைப் பார்த்துண்டுதான் சாதம் வடிச்சிருக்கேன். இனிமே செவுத்தைப் பார்த்துண்டு வடிக்கணுமா?"

"அப்படிச் சொல்லலை…"

"கேரியர்ல வந்ததை தெனமும் பெருமாளுக்குக் காட்டி அம்சே பண்ணேளே. அந்த மாமி கால்ல என்ன இருந்ததுன்னு பார்த்தேளா?"

"அவா மடியாப் பண்றவா."

"பார்த்தேளா?"

துளசியைத் தட்டில் வைத்தார். "நான் எப்பவாவது செருப்பு போட்டுக்காதேன்னு சொன்னேனா?" என்றார் மெதுவாக.

"சொல்லலை. சொல்லியிருந்தா உங்களோட சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன். நீங்க என் இஷ்டம்னு சொல்லிட்டுப் போயிட்டேள். என்னோடயே சண்டை போட்டு நான் தோத்துப் போயிட்டேன்." செருப்புக் காலால் இன்னும் ஓர் அடி உள்ளே வைத்தேன். "திவசத்தன்னிக்குத் தரையில உக்காந்துண்டு பானையைத் தள்ளிண்டு வந்தேனே. அதை எடுத்துண்டு போனேளே."

"பார்த்தேன்" என்றார். "உன் காலைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன்." அத்தனை நாளும் அவர் சரியாகப் பார்க்கவில்லை, அவசரத்தில் கவனிக்கவில்லை என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அதுவும் போயிற்று.

அடுப்பைப் பற்ற வைத்தேன். அரிசியைக் களைந்து வைத்தேன், பருப்பை வேகவிட்டேன். இவர் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. நான் குறுக்கும் நெடுக்கும் நடக்கும்போதெல்லாம் செருப்பின் சத்தம் கேட்டது, மெத்தென்று, ரப்பர் சத்தம். அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். வாழைக்காய்க் கறியமுது, தக்காளிச் சாத்தமுது, அதாவது ரசம், சாதம். முடித்துவிட்டு மேடையில் வைத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் என் வேலை முடிந்துவிடும். பாத்திரத்தை எடுத்துப் பெருமாளிடம் கொண்டுபோவது அவர் வேலை.

இவர் வந்தார். மேடையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த பாலை எடுத்து ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கல்கண்டைப் போட்டுப் பெருமாளுக்குக் காட்டினார். பாலை மட்டும். என் சாதத்தைத் தொடவில்லை.

அப்புறம் போய் மேஜையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் செருப்போடு பண்ணினதைப் பெருமாளுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அதை வேண்டாம் என்று என்னிடம் சொல்லவும் மனசு வரவில்லை. அதனால் பெருமாளுக்குக் காட்டாத சாதத்தைத் தான் சாப்பிடுவது என்று தீர்மானித்துவிட்டார், பிறந்ததிலிருந்து செய்யாத ஒன்றை. எனக்கும் பெருமாளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, தன்னையே அசுத்தம் பண்ணிக்கொள்ளத் தயாராகிவிட்டார். பரிமாறினேன். சாதத்தின்மேல் கையை வைத்தார். விரல் பிசையவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்தப் பாவம் பார்ப்பதுதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்றும் தெரிந்தது. இந்தத் தடவை விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை நான்.

வெள்ளித் தட்டில் சாதத்தை எடுத்தேன். நெய் விட்டேன். பக்கத்தில் கறியமுதும் சாத்தமுதும் வைத்தேன். செருப்போடு பெருமாள் அலமாரிக்கு எதிரே போனேன். பெருமாளுக்கு நான் என் கையால் அமுதுசெய்வித்ததே இல்லை, பண்ணிக்கொடுத்ததோடு சரி. மந்திரம் எனக்குத் தெரியாது. தட்டைப் பெருமாள் எதிரே வைத்தேன்.

"நின்னுண்டுதான் பண்ணியிருக்கேன்" என்றேன். வாய்விட்டே சொன்னேன். "செருப்போடதான் பண்ணியிருக்கேன். இந்தக் கால் எப்படி ஆச்சுன்னு உனக்குத் தெரியும். சாப்பிடு."

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து வெளியே போகிறார் என்றுதான் நினைத்தேன். போகட்டும் என்று திரும்பாமல் நின்றேன். கை கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு என் தோளுக்குப் பக்கத்தில் அவர் குரல். அமுதுசெய்விக்கும்போது தினமும் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். கடைசி வரைக்கும் சொல்லி முடித்தார். முடிந்ததும் என்னைத் தாண்டிக் கையை நீட்டித் தட்டை எடுத்தார்.

மேஜைக்குப் போனோம். பரிமாறக் கரண்டியை எடுத்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ உக்காரு" என்றார். "எனக்கு வேணுங்கறதை நான் போட்டுக்கறேன்."

எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தார். கோபம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. உட்கார்ந்தேன். அவர் எதிரிலேயே, கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல், அழுதுகொண்டே சாப்பிட்டேன்.